ஜாக்கி கென்னடியின் தங்க டேங்க் வாட்ச்: முன்பக்கம் அழகு, பின்மூடி ஆதாரம்

பிரபலமானவர்கள் கட்டிய வாட்ச் ஏலத்துக்கு வந்தால் எல்லாரும் முதலில் பெயரைப் பார்ப்பார்கள். எனக்கு முதலில் பின்மூடியைப் பார்க்க வேண்டும். சாவி கொடுக்கும் பழைய வாட்ச்களைப் பிரித்து, சுத்தம் செய்து, எண்ணெய் வைத்துப் பூட்டுவது என் தொழில். பெரிய ஏலங்களின் கேட்லாக் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது என் பழக்கம். அப்படிப் பார்த்ததில் இன்றுவரை மனதை விட்டுப் போகாத ஒன்று, 2017 ஜூன் 21-ம் தேதி நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஏலம் விட்ட, அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடியின் மனைவி ஜாக்குலின் என்ற ஜாக்கியின் கார்ட்டியே டேங்க். கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை. ஏலத்துக்காக எடுத்த படங்கள், உடன் வந்த குறிப்பு, வாட்சில் பொறித்த நாளைப் பற்றிய மற்ற பதிவுகள், இவற்றை வைத்துத்தான் இந்த விமர்சனம்.

முதலில் வாட்சைப் பார்த்துவிடலாம். 18 காரட் மஞ்சள் தங்கம், 1962-ல் செய்தது, சாவி கொடுத்து ஓட்டுவது. டேங்க் என்ற வடிவத்தை லூயி கார்ட்டியே 1917-ல் வரைந்தார். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை இறக்கிய ரெனோ டாங்கியை மேலிருந்து பார்த்த தோற்றத்திலிருந்து வந்தது என்பார்கள். இரண்டு பக்கமும் நீண்ட சட்டங்கள், நடுவில் டயல். கடைக்கு விற்பனைக்கு வந்தது 1919-ல். அந்தக் காலத்தில் நிறைய கைக்கடிகாரங்கள் பாக்கெட் வாட்சில் வார் மாட்டக் காது ஒட்டியது மாதிரிதான் இருந்தன. டேங்கில் அந்த ஒட்டு வேலை இல்லை. பக்கத்துச் சட்டங்களே மேலும் கீழும் நீண்டு வாரைப் பிடித்துக்கொள்கின்றன. வாட்சின் கூடான கேஸ் எங்கே முடிகிறது, வார் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண் தேடுவதே இல்லை. நூறு வருடத்துக்கு மேலாகியும் இந்த வடிவத்தை யாரும் பெரிதாகத் திருத்தவில்லை என்றால், திருத்துவதற்கு அதில் இடம் இல்லை என்பதுதான் என் கருத்து.

டயலில் கறுப்பு ரோமன் எண்கள். அவற்றுக்கு உள்ளே நிமிடக் கோடுகளுக்காக, வாட்ச்காரர்கள் ரயில்வே டிராக் என்று சொல்லும் இரட்டைக் கோட்டுச் சதுரம். முள்கள் நீலமாக்கிய எஃகு. எஃகை மெருகேற்றி, கிட்டத்தட்ட 300 டிகிரி வரை நிதானமாகச் சூடாக்கினால் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். அதுதான் அந்த நீலம். கொஞ்சம் கூடுதலாகச் சூடேறினாலும் நிறம் வெளுத்துவிடும், திரும்ப மெருகேற்றி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சாவி கொடுக்கும் குமிழின் நுனியில் குவிந்த நீலக்கல் ஒன்று. வைரம் இல்லை, தேதி இல்லை, வினாடி முள்ளும் இல்லை. ஆள் பார்த்ததும் அசந்துபோகிற பொருள் இல்லை இது. மணிக்கட்டில் இருந்தால் இருக்கும், அவ்வளவுதான். அந்த அடக்கம்தான் அதைக் கட்டியவருக்குப் பொருந்தியிருக்கிறது. பல வருடங்கள் அதை அவர் கட்டியிருக்கிறார், பொது இடங்களில் எடுத்த படங்களில் அந்த நீள்சதுரத்தைப் பார்க்கலாம்.

சரி, இதே மாதிரி டேங்க், இதே காலத்தில் செய்தது, உலகத்தில் இன்னும் நிறைய பேரிடம் இருக்கிறது. அப்படி ஒரு டேங்க் ஏலத்துக்கு வந்தால், இதற்குக் கிடைத்த தொகையில் மிகச் சிறிய பங்குக்குத்தான் போகும். மீதித் தொகை முழுவதும் பின்மூடிக்குப் போனது.

பின்மூடியில் பொறித்திருப்பது இவ்வளவுதான்: ஸ்டாஸ் ஜாக்கிக்கு, 23 பிப்ரவரி 63, அதிகாலை 2:05 முதல் இரவு 9:35 வரை.

முதல் தடவை அதைப் படித்தபோது அந்த நேரக் கணக்கு எனக்குப் புரியவில்லை. பரிசு வாட்ச்களில் பெயர் இருக்கும், தேதி இருக்கும், அன்புடன் என்று இருக்கும். ஆரம்பித்த நேரமும் முடிந்த நேரமும் நிமிட சுத்தமாகப் பொறித்த பரிசு வாட்சை என் மேஜையில் நான் பார்த்ததே இல்லை. விவரம் தெரிந்ததும், அதைவிடப் பொருத்தமாக ஒரு வாட்சின் முதுகில் எழுத வேறு எதுவும் இல்லை என்று தோன்றியது.

ஸ்டாஸ் என்பவர் ஸ்டானிஸ்லாஸ் ராட்ஸிவில். போலந்துப் பிரபு வம்சத்துக்காரர், ஜாக்கியின் தங்கை லீயின் கணவர். 1963-ன் ஆரம்பத்தில் அமெரிக்காவில் 50 மைல் நடை என்று ஒரு ஜுரம் பரவியது. 1908-ல் ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், மரைன் என்ற படைப்பிரிவின் அதிகாரிகள் 50 மைலை 20 மணி நேரத்துக்குள் நடந்து முடிக்கும் உடல்திறனோடு இருக்க வேண்டும் என்று ஓர் ஆணை போட்டிருந்தார். அந்தப் பழைய ஆணை கென்னடியின் கண்ணில் பட, இப்போதைய மரைன் அதிகாரிகளால் அது முடியுமா என்று அவர் கேட்டுவைத்தார். செய்தி வெளியே போனதும், யாரும் சொல்லாமலே ஊர் ஊராகப் பொதுமக்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். தம்பி ராபர்ட் கென்னடி பிப்ரவரி 9-ம் தேதி கடுங்குளிரில் ஆபீஸுக்குப் போடும் தோல் ஷூவோடு 50 மைலையும் நடந்து முடித்தார். ஜனாதிபதியின் சுற்றத்தில் அடுத்து யார் என்ற கேள்வி வந்தது. ராட்ஸிவில்லும், கென்னடியின் பழைய நண்பர் சக் ஸ்பால்டிங்கும் புளோரிடாவில் பாம் பீச் பக்கத்து நெடுஞ்சாலையில் இறங்கினார்கள். அப்போது ராட்ஸிவில்லுக்கு 48 வயது. நடுவில் கென்னடியும் ஜாக்கியும் சாலைக்கே வந்து அவர்களைப் பார்த்தார்கள். அந்தப் படங்கள் கென்னடி நூலகத்தில் இருக்கின்றன.

இப்போது பின்மூடிக்கு வாருங்கள். அதிகாலை 2:05 முதல் இரவு 9:35 வரை எவ்வளவு? பத்தொன்பதரை மணி நேரம். ரூஸ்வெல்ட் வைத்த கெடு 20. அரை மணி நேரம் மிச்சம் வைத்து 80 கிலோமீட்டரை முடித்திருக்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தின் பெருமை முழுவதும் ஒரே வரியில் அந்தத் தங்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நேரம் காட்டும் பொருளின் முதுகில் ஒரு நேரக் கணக்கு. இதை யோசித்தவர் பரிசு கொடுக்கத் தெரிந்தவர்.

இந்த வாட்சை மற்ற பிரபல வாட்ச்களுக்கு மேலே நான் வைப்பதற்கு இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஏலத்தில் வாட்சோடு சேர்த்து ஒரு சின்ன ஓவியமும் வந்தது. ஜாக்கி தன் கையால் வரைந்து ராட்ஸிவில்லுக்குக் கொடுத்தது. நடந்துபோகும் இரண்டு ஆண்கள், கீழே அதே தேதி, அதே 2:05, அதே 9:35, அன்போடும் வியப்போடும் ஜாக்கி ஸ்டாஸுக்கு என்று அவர் கையெழுத்தில். ஆக, ராட்ஸிவில் ஜாக்கிக்கு வாட்ச் கொடுத்திருக்கிறார், ஜாக்கி அவருக்கு ஓவியம் கொடுத்திருக்கிறார், இரண்டிலும் ஒரே நாள், ஒரே இரண்டு நேரங்கள். ஒன்றுக்கு மற்றொன்று சாட்சி. மூன்றாவது சாட்சியாக, அந்த நடை நடந்தது என்பதற்குப் புகைப்படங்கள்.

பழைய பொருள் ஏலத்தில் இப்படி அமைவது எவ்வளவு அபூர்வம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் கிடைப்பது ஒரு கடிதம்தான். இந்த வாட்ச் இன்னாருடையது, அவர் என் மாமாவுக்குக் கொடுத்தார், மாமா எனக்குக் கொடுத்தார் என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். எழுதியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கடிதம் வாட்சோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அதே கடிதத்தை வேறொரு வாட்சோடு வைத்தாலும் அது பொருந்தும்.

இதை எழுதும்போது ஒரு வாடிக்கையாளர் நினைவுக்கு வருகிறார். ஓர் ஏலத்தில் ஒரு தங்க வாட்ச் எடுத்து வந்திருந்தார். பிரபல இசைக் கலைஞர் ஒருவருடையது என்று சொல்லி விற்றிருந்தார்கள், பின்மூடியில் அவர் பெயரும் ஒரு வருடமும் இருந்தன. “அண்ணே, ஓட மாட்டேங்குது, சர்வீஸ் பண்ணிக் குடுங்க, லேசா ஒரு பாலிஷும் போட்டுடுங்க” என்றார். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு மூடியை விளக்குக்குக் கீழே சாய்த்தேன்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 18 காரட் தங்கம் என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். எஃகோடு ஒப்பிட்டால் மிகவும் மிருதுவான உலோகம். கையில் கட்டி மேஜையில் வைத்து எடுத்தாலே கோடு விழும். இருபது முப்பது வருடம் கட்டிய வாட்சின் பின்மூடி முழுக்க மயிரிழைக் கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அந்தக் கீறல்களுக்கு நடுவே எழுத்து எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம். பொறிப்பு பழையதாக இருந்தால், கீறல் எழுத்தின் விளிம்பில் ஏறி இறங்கிப் போயிருக்கும், விளிம்பே தேய்ந்து மழுங்கியிருக்கும், பள்ளத்துக்குள் அழுக்கு படிந்து கறுத்திருக்கும். பொறிப்பு புதிதாக இருந்தால், எழுத்து அந்தக் கீறல்களை வெட்டிக்கொண்டு போயிருக்கும். கீறல் எழுத்தின் ஒரு கரையில் நின்று, மறு கரையில் தொடரும். வெட்டின ஓரத்தில் தங்கம் லேசாக மேலெழும்பி நிற்கும், விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். அந்த வாடிக்கையாளர் கொண்டுவந்ததில் நகம் தட்டியது. வருடம் பழையது, எழுத்து புதியது.

அவரிடம் அதைச் சொன்னேன். விற்ற இடத்தில் போய்க் கேட்டதற்கு, எங்கள் குறிப்பில் பெயர் பொறித்திருக்கிறது என்றுதான் போட்டோம், எப்போது பொறித்தது என்று போடவில்லையே என்றார்களாம். எழுத்துப்படி அவர்கள் சொன்னது சரி. அதனால்தான் எனக்குக் கோபம். பெயரை நம்பிப் பணம் கொடுப்பவரிடம், அந்தப் பெயர் எப்போது வந்தது என்று சொல்வது விற்பவரின் கடமை என்று நான் நம்புகிறேன்.

ஜாக்கியின் டேங்கில் அந்தக் கவலை இல்லை. ஒரு போலிப் பொறிப்பைச் செய்ய நினைக்கிறவன் பெயரையும் பிறந்தநாளையும் போடுவான். ஜனாதிபதியின் சகலை என்றைக்கு, எத்தனை மணிக்கு நடக்க ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடித்தார் என்பதைப் போடவே மாட்டான். யாருக்கும் தேவைப்படாத அந்த நுணுக்கம்தான் அதை நம்ப வைக்கிறது.

விலைக்கு வருவோம். கிறிஸ்டீஸ் போட்ட மதிப்பீடு 60,000 முதல் 1,20,000 டாலர் வரை. கடைசியில் வெளியிட்ட தொகை 3,79,500 டாலர். ஏலத்துக்குப் புதியவர்கள் இங்கே குழம்புவார்கள், ஏனென்றால் மதிப்பீடு ஒரு கணக்கு, வெளியிடும் தொகை இன்னொரு கணக்கு. மதிப்பீட்டில் வாங்குபவர் கட்ட வேண்டிய கமிஷன் சேராது. சுத்தியல் விழுந்த விலை 3,10,000. அப்போதைய விதிப்படி முதல் 1,50,000-க்கு 25 சதவீதம், அதாவது 37,500. அதற்கு மேல் இருந்த 1,60,000-க்கு 20 சதவீதம், 32,000. எல்லாம் கூட்டினால் 3,79,500. ஆக, கிட்டத்தட்ட 70,000 டாலர் ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் தரும் கமிஷன் மட்டும். மதிப்பீட்டின் கீழ்த் தொகையை விட அதிகம் அது! கையைத் தூக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளாதவர்கள் ஏல அறைக்குள் போகக் கூடாது.

இந்த விலை தகுமா? என் பதில், தாராளமாகத் தகும். மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால் குறைவு என்றுகூடச் சொல்வேன். அதே வருடம் அக்டோபரில், அதே நியூயார்க்கில், ஹாலிவுட் நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேடோனா பிலிப்ஸ் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலரைத் தாண்டியது. எஃகு வாட்ச் அது, தங்கம்கூட இல்லை. மனைவி ஜோன் உட்வர்ட் பின்மூடியில், ஜாக்கிரதையாக ஓட்டு, நான் என்று மூன்றே சொற்களில் பொறித்துக் கொடுத்தது. அந்தப் பொறிப்பும் எனக்குப் பிடிக்கும். கார் பந்தயத்துக்குப் போகும் கணவனிடம் ஒரு மனைவி வேறு என்ன சொல்வாள்? ஆனால் அந்த மாடலுக்கே நியூமன் பெயர் ஒட்டிக்கொண்டு, சேகரிப்பவர்கள் பல வருடங்களாகக் காத்திருந்த வாட்ச் அது. விலையில் பாதிக்கு மேல் அந்தக் காத்திருப்பு.

வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ டாயின் தங்க ரோலக்ஸ் 2017 மே மாதம் ஜெனீவாவில் 50 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. அதில் கதையே வேறு. கறுப்பு டயல், வைரக் குறிகள், நிலவின் பிறை காட்டும் சன்னல், அந்த அமைப்பில் உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் உண்டு. பேரரசரின் பெயரை எடுத்துவிட்டாலும் அது பெரிய விலைக்குத்தான் போகும். ஜாக்கியின் டேங்கில் பெயரை எடுத்துவிட்டால் நல்ல ஒரு பழைய கார்ட்டியே மட்டும் மிஞ்சும். அதனால் பின்மூடியில் உள்ள அந்த ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை, கலப்படம் இல்லாமல் அளந்து காட்டிய ஏலம் இது.

இந்த வகையில் இதற்கு மிக நெருக்கமாக வருவது ஐன்ஸ்டைனின் லாஞ்சின்ஸ். வயிறு பெருத்த பீப்பாய் வடிவம், 14 காரட் தங்கம். பேராசிரியர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், லாஸ் ஏஞ்சலஸ், 1931 பிப்ரவரி 16 என்று பின்னால் பொறித்திருக்கிறது. 2008 அக்டோபரில் ஆன்டிகோரம் நிறுவனம் நியூயார்க்கில் ஏலம் விட்டபோது மதிப்பீடு 25,000 முதல் 35,000 டாலர், போனது 5,96,000-க்கு. அங்கேயும் பெயர், இடம், நாள் மூன்றும் இருக்கின்றன.

அப்புறம், கணவரின் வாட்சைச் சொல்லாமல் விட முடியாது. ஜான் கென்னடி 1961-ல் பதவியேற்றபோது கட்டியிருந்தது மெலிதான தங்க ஒமேகா. நண்பர் கிராண்ட் ஸ்டாக்டேல் அதைக் கொடுத்தது 1960-ல், கென்னடி வெறும் வேட்பாளராக இருந்தபோது. ஆனால் பின்னால், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதி ஜான் எஃப். கென்னடிக்கு நண்பன் கிராண்ட் என்று துணிந்து பொறித்துவிட்டார்! நடக்கப்போவதை முன்கூட்டியே தங்கத்தில் எழுதியது அது. நடந்ததை நிமிடக் கணக்கோடு எழுதியது மனைவியின் வாட்ச். 2005-ல் அந்த ஒமேகாவை ஒமேகா அருங்காட்சியகமே 3,50,000 டாலருக்கு வாங்கியது. இரண்டில் எனக்குப் பிடித்தது மனைவியுடையதுதான். ஜனாதிபதிக்குப் பரிசு கொடுக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். இது குடும்பத்துக்குள் நடந்த ஒரு சந்தோஷமான நாளின் கணக்கு. அந்த நாளுக்கு ஒன்பது மாதம் கழித்து, நவம்பர் 22-ல், டாலஸில் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் அந்தத் தேதி பொறித்த வாட்சை அவர் கட்டிக்கொண்டிருந்தார் என்பதை யோசிக்கும்போது, அந்தப் பின்மூடி தோலோடு ஒட்டிக்கொண்டு இருந்திருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. வாட்ச் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, விற்கும் முறை மேல் இருக்கிறது. இது இந்த ஓர் ஏலத்துக்கு மட்டும் இல்லை, பெரிய ஏலங்கள் எல்லாவற்றிலும் பார்ப்பதுதான். பிரபலத்தின் வாட்ச் என்றால் கேட்லாக்கில் பக்கம் பக்கமாக வாழ்க்கை வரலாறு இருக்கும், திருமணப் படம் இருக்கும், அரசியல் பின்னணி இருக்கும். உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். முள் மாற்றியதா, டயலுக்கு மறுபடி வண்ணம் அடித்ததா, குமிழ் பழையதுதானா, கேஸ் எத்தனை தடவை பாலிஷ் பார்த்தது, இதெல்லாம் நிலை அறிக்கை என்று தனியாகக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டியது. அதிலும், இருப்பது இருந்தபடி விற்கிறோம், ஓடும் என்று உத்தரவாதம் இல்லை என்ற வாசகம் இருக்கும். லட்சக்கணக்கில் டாலர் கேட்கும் இடத்தில் பின்மூடியைத் திறந்து உள்ளே ஒரு தெளிவான படம் எடுத்துப் போட என்ன தயக்கம் என்று எனக்கு விளங்கியதே இல்லை. வாட்சை வாட்சாகவும் மதிக்க வேண்டும். ஜாக்கியின் மணிக்கட்டில் அது பல வருடங்கள் நேரம் காட்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்தது அந்தச் சின்ன இயந்திரம்.

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஓவியத்தையும் வாட்சையும் ஒரே உருப்படியாக விற்றார்களே, அது பெரிய விஷயம். தனித்தனியாக விற்றிருந்தால் கூடுதல் பணம் வந்திருக்கக்கூடும். ஜாக்கியின் கைவண்ணம் என்று ஓவியத்தை எடுக்க வேறு ஆட்கள் வந்திருப்பார்கள். அப்படிப் பிரிந்திருந்தால் இரண்டு சாட்சிகளும் ஆளுக்கொரு ஊருக்குப் போயிருக்கும், ஐம்பது வருடம் கழித்து யாராவது தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டியிருக்கும்.

உரிமைப் பிரச்சினை என்பது இந்த மாதிரி வாட்ச்களில் கடைசி நிமிடம் வரை கழுத்தைப் பிடிக்கும். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியின் தங்கப் பட்டேக் பிலிப் 2015-ல் ஏலத்துக்கு வந்து, பேரரசரின் குடும்பத்தார் உரிமை கேட்டதால் ஏலத்திலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்துத்தான் விற்க முடிந்தது. அதனால் ஒரு பிரபலத்தின் வாட்சை ஏலத்தில் எடுக்க நினைப்பவர், அவருடையதா என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அவர் கையிலிருந்து இப்போது விற்பவர் கைக்கு எப்படி வந்தது, நடுவில் யார் யார், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் என்ன காகிதம் என்று கேட்க வேண்டும். நடுவில் ஒரு இடைவெளி இருந்தால் அதை விலையில் கழிக்க வேண்டும். நிரப்ப முடியாத இடைவெளி என்றால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வாங்காமல் வந்துவிடுவது நல்லது.

இப்போது அந்த டேங்க் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு ஒரு வேண்டுகோள். பாலிஷ் வேண்டாம். டேங்கின் அழகு பக்கத்துச் சட்டங்களின் கூர்மையான ஓரத்தில் இருக்கிறது, மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் ஒரு தடவை காட்டினால் அந்த ஓரம் உருண்டுவிடும். பின்னால் இருக்கும் எழுத்தோ இன்னும் மோசம். ஒவ்வொரு பாலிஷுக்கும் மேலிருந்து ஒரு படலம் தங்கம் போகும், எழுத்தின் ஆழம் குறையும். என்னிடம் வரும் அப்பா காலத்து, தாத்தா காலத்துத் தங்க வாட்ச்களில் பெயர் பாதி மறைந்து கிடப்பதெல்லாம் பெரும்பாலும் கட்டித் தேய்ந்ததால் ஆனது இல்லை, அன்போடு போட்ட பாலிஷால் ஆனது.

சர்வீஸ் மட்டும் தவறாமல் செய்ய வேண்டும். பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகிவிடும். அதோடு ஓட்டினால் அச்சு முனைகள் தேயும். லாக்கரிலேயே வைத்திருந்தாலும் எண்ணெய் காயத்தான் செய்யும். மூடியைத் திறக்கப்போகும் வாட்ச்காரர், பொறிப்பின் மேல் ஒரு பாதுகாப்பு ஒட்டுத்தாளை ஒட்டிக்கொண்டு கருவியைக் கையில் எடுக்கட்டும். ஒரு தடவை வழுக்கினால் அந்தக் கோடு 2:05-க்கும் 9:35-க்கும் நடுவில் நிரந்தரமாக நிற்கும். எங்கள் தொழிலில் சர்வீஸ் முடித்ததும் மூடியின் உட்புறத்தில் தேதியையும் தன் குறியையும் பொடியாகக் கீறி வைக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அடுத்து திறப்பவனுக்கு உதவும் நல்ல வழக்கம்தான், நானும் செய்வேன். இந்த வாட்சில் மட்டும் அதை ஒரு காகிதத்தில் எழுதி, ஓவியத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.